சப்பாத்தைக் கையில் எடுத்த நாள்

பெப். 7, 1994, திங்கள்

விடியவே பனி. பனி கரைய ரோட்டில் கொட்டிய உப்பு, காலில் போட்ட சப்பாத்து முழுக்க வெள்ளைக் கறை. தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரும் லேட்.

இங்கிலீஷ் வகுப்பில் ரீச்சர் தலையில் கல்லைப் போட்டார். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் முன்னால் நின்று தங்கள் மொழிச் சொல் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் மேல் வகுப்பு. அதை முடித்தால்தான் காலேஜில் கணக்கியல் படிக்கலாம். போனமுறை எழுத்தில் நான் முதல். பேச எழும்பினேன், வாய் திறக்கவில்லை. திரும்பவும் இதே வகுப்பு, இதே கதிரையில் குந்தியிருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். "வீட்டிலை இருக்கிற வாயை ஒருநாளைக்கு அங்கை கொண்டுபோமன்" என்றார். மனுசனுக்குப் பகிடி. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, புட்டு அவித்தேன்.

வாங்க: பால், வெங்காயம், சப்பாத்துக் கறை எடுக்க ஏதாவது.

பெப். 8, செவ்வாய்

வெயில். ஆனால் காது விறைக்கிறது.

இடைவேளையில் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரை பாத்திமா, போர்த்துக்கல்காரி. பெயர்தான் பாத்திமா, ஆள் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. என் காலைப் பார்த்து, "சப்பாத்து" பழுதாகிவிடும் என்றாள். மற்றதெல்லாம் இங்கிலீஷ், அது மட்டும் தமிழ். பார்க்டேல் பக்கம் எங்கட சனத்தோடு இருந்து தமிழ் பழகிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம், புளுகம். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். விழித்தாள். அது அவளுடைய அம்மா சொல்லித் தந்த சொல்லாம்.

விடவில்லை, வாதாடினேன். பிறகுதான் உறைத்தது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கதையைப் பாடமாக்கி ஒப்புவித்தவள் நான். காலில் போட்டிருந்ததை மட்டும் யோசிக்கவில்லை.

முன்வாங்கில் இருக்கிற கார்லோஸ் திரும்பினான். ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அதேதானாம். இத்தாலிக்காரி ரோசா அன்ரி விடுவாவா? அவவுக்கு அது 'சபாத்தா', வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிகிற செருப்பு. பேக்கரியில் அதே வடிவத்தில் ஒரு பாணும் உண்டாம், அதற்கும் அதே பெயர். ரீச்சர் தன் பங்குக்கு, பிரெஞ்சில் 'சவாத்' என்றார். தேய்ந்த பழஞ்செருப்பு. காலால் உதைத்துச் சண்டை பிடிப்பதற்கும் அதே பெயர்.

சொல் கிடைத்துவிட்டது. வாய்தான் இல்லை.

பெப். 10, வியாழன்

சளி. மல்லி அவித்துக் குடித்தேன். லைப்ரரியில் தடித்த அகராதிகள். முதலில் எங்கே பிறந்த சொல் என்று பார்த்தால், துருக்கியாக இருக்கலாம், அரபியாக இருக்கலாம், நிச்சயமில்லை. எனக்கு நல்ல சந்தோஷம். இவ்வளவு பெரிய நாடுகள் எல்லாம் அப்பன் பெயர் தெரியாத ஒரு சொல்லைப் போட்டுக்கொண்டு நடக்கின்றன.

பாத்திமா, சப்பாத்தைக் கழற்றித் தூக்கிக் காட்டு, பேச்சு வரும் என்கிறாள். சபைக்கு முன்னால் சப்பாத்தைத் தூக்குவதா? எங்கட ஆக்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான். இவரும், "ரீச்சருக்குச் சப்பாத்துத் தூக்கினா மேல் வகுப்பில்லை, நேரை வீடுதான்" என்கிறார்.

தூக்குவதில்லை.

பெப். 11, வெள்ளி

மீண்டும் பனி. காலையில் ஒன்றும் இறங்கவில்லை, தேத்தண்ணி மட்டும்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். நாக்கு ஒட்டிவிட்டது. ரீச்சர் பென்சிலைக் கையில் எடுத்தார். போனமுறையும் இப்படித்தான். பின்னால் பாத்திமா என் காலைக் காட்டுகிறாள், காட்டுகிறாள். வருவது வரட்டும் என்று குனிந்து ஒன்றைக் கழற்றித் தூக்கிவிட்டேன்.

சப்பாத்து கையில் ஏறியதும் வீட்டு வாய் வந்துவிட்டது. இவர் ஈரச் சப்பாத்தோடு கார்ப்பெற்றில் ஏறும்போது வருமே, அதே வாய். பிரெஞ்சுக்காரன் தேய்த்தான், இத்தாலிக்காரன் அதன் பெயரில் பாண் சுட்டான், பாத்திமாவின் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்து எங்களிடம் விட்டுப் போனார்கள், நாங்கள் வாசலோடு நிறுத்திவைத்தோம் என்றேன். இங்கிலீஷ் பிழைபிழையாக வந்தது. வரட்டும் என்று விட்டேன். ரோசா அன்ரி மேசையில் தட்டிச் சிரித்தா. நேரம் முடிந்ததைச் சொல்ல ரீச்சர் மறந்துபோனார்.

பாஸ். மேல் வகுப்பு. திங்களே போகலாம். பாத்திமா கட்டிப் பிடித்தாள். நான் இன்னும் ஒற்றைக் காலில்.

ஸ்ரீற்காரில் தனியச் சிரித்துக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

இவர் வேலையால் வந்தார். கதவு திறந்தபடி, நேரே கார்ப்பெற்றில் வந்து நின்று, "என்னவாம்?" என்றார்.

"பாஸ். முதல்லை சப்பாத்தைக் கழட்டுங்கோ."

மனுசன் குனிந்தார். "ஓம், ரீச்சர்."