ஆறுக்கும் எட்டுக்கும் மீ.சி.ம.

ஜூன் 12, வெள்ளி
விடிந்ததிலிருந்து மேல்காற்று. மேகத்தில் மலையே தெரியவில்லை. முதல் ஷிஃப்ட். அரசு வேலைத் தேர்வுக்கு இன்னும் பதினாறு நாள். இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் காலம் முழுக்க மில்லும் பஞ்சும்தான்.

மீச்சிறு பொது மடங்குக் கணக்கு இருபது. ஏழு தப்பு. எந்த மகராசன் கண்டுபிடித்தானோ.

வாசலில் விட்ட செருப்பு, காலையில் பக்கத்து அறை வாசலில். பூட்டிக் கிடக்கும் அறை. நாய் வேலையாக இருக்கும்.

ஜூன் 16, செவ்வாய்
வாங்க: கறுப்புப் பேனா 2, சோப்பு, தலைவலி மாத்திரை.

பூட்டிய அறைக்குள் குழாய் ஓடும் சத்தம். 10-ஆம் தேதியும் கேட்டது. கீழே இறங்கி வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன்.

"ஆறு நாளைக்கு ஒருக்கத்தான தண்ணி விடுதாவ. முன்னால இருந்த பிள்ள கொழாயத் தொறந்து போட்டுட்டுப் போயிருப்பா."

"அவ எங்க போனா?"

"பரீச்ச எழுதப் போறேன்னு போனா. சாவி அவகிட்டதான் இருக்கு."

உடனே தக்காளி விலைக்குப் போய்விட்டார்.

ஜூன் 20, சனி
மறுபடி செருப்பு. அதே வாசல். ஜோடியாக, உள்ளே பார்த்து. நாய் இவ்வளவு ஒழுங்காகவா வைக்கும்?

மில்லில் செல்வியிடம் சொன்னேன். அவளும் தேர்வு எழுதுகிறாள். "ஏட்டி, படிச்சுப் படிச்சு ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றாள். சிரித்து வைத்தேன்.

ஜூன் 22, திங்கள்
தண்ணீர். பூட்டிய கதவில் காதை வைத்தேன். குடம் நிரம்பும் சத்தம். நிரம்பியதும் யாரோ குழாயைத் திருகி அடைத்தார்கள்.

பயமாக இருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கே.

தண்ணீர்: 10, 16, 22. செருப்பு: 12, 20.
ஆறு, எட்டு. இரண்டும் சேரும் நாள் 28. தேர்வு நாள். இந்தக் கணக்கு மட்டும் தப்பாமல் வருகிறது.

ஜூன் 28, ஞாயிறு
செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்துத்தான் படுத்தேன். காலையில் அந்த வாசலில் கிடந்தது. என் கதவில் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. பூட்டிய அறைக்குள் குழாய் வேறு ஓடிக்கொண்டிருந்தது. எடுக்கப் போகவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்வு. ஒரு கேள்வி: மூன்று மணிகள் 8, 12, 18 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும். காலை ஆறுக்குச் சேர்ந்து அடித்தன. பன்னிரண்டு வரை எத்தனை முறை சேர்ந்து அடிக்கும்? மீ.சி.ம. 72. மொத்தம் 360 நிமிடம். ஐந்து. விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன்.

வெளியே வந்ததும் செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆறு மணிக்கு அடிச்சதையும் சேத்துல்ல எண்ணணும்! ஆறு தடவட்டி. மொதத் தடவைய விட்டுட்டியே."

ஒரு கேள்வி போயிற்று. அழுகை வந்தது.

இப்போது பஸ்ஸில், ராஜபாளையம் திரும்பிக்கொண்டு. தண்ணீரும் செருப்பும் சேர்ந்ததிலும் அப்படி நான் எண்ணாமல் விட்ட ஒரு முதல் தடவை இருக்கவேண்டும். ஆறுக்கும் எட்டுக்கும் மீ.சி.ம. 24. 28-இல் 24 போனால் 4.

ஜூன் 4. நான் குடிவந்த நாள். அன்று மத்தியானம் கதவைத் தாழ்போட்டு அசந்து தூங்கினேன். எழுந்தபோது தலைமுடி முழுக்க நனைந்திருந்தது. வேர்வை என்று துவட்டிக்கொண்டேன்.