ஹால் சுவரில் வந்த மாதா

சேசு மரி சூசை

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகன் அன்பரசனுக்கு அம்மா ஆசீரோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகள் வினோதினியும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் பத்து மணி உங்களுக்கென்றே உருட்டுகிறேன். என்னடா இது, சனிக்கிழமை தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைப்பாய். நீ பேசுவது பத்து நிமிஷம், அதிலும் பாதி சாப்ட்டியாம்மா, மாத்திர போட்டியாம்மாவிலேயே போய்விடுகிறது. இதைச் சொல்ல அது போதாது, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் துணிச்சலும் இல்லை. தபாலில் போட்டால் வந்துசேர ஒரு மாதம் ஆகும், அதனால் எழுதி முடித்து ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்ல யார் வீட்டுச் செவுத்துலயோ மாதா தெரியறாங்களாமே, என்னம்மா கூத்து இதுன்னு கேட்டாய். வேலையத்தவன் எவனோ கிளப்பிவிட்டதுடா என்று பேச்சை மாற்றினேன். அது பொய். அது நம் வீட்டுச் சுவர்தான். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை கறிவேப்பிலை கேட்டு வந்தவள், அப்பா போட்டோவுக்குக் கீழே ஈரம் பூத்திருந்ததைப் பார்த்து, யக்கா, முக்காடு போட்டுக்கினு உங்க மாதா நிக்குது பாருன்னு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம், ஷவரைத் திறந்தால் உள்ளே போகிற குழாய் கசிகிறது, அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்சாகக் குப்பை கொட்டியவள் நான். சுவரில் முகம், மரத்தில் முகம், சுரூபச் சிலையின் கண்ணில் எண்ணெய் என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், உனக்கே தெரியும். மாதாவுக்கு வேறு வேலை இல்லையா, சுண்ணாம்பில் வந்து நிற்க!

மறுநாளே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்திருக்க வேண்டும். செய்யவில்லை கண்ணு. அன்று சாயங்காலமே பாஞ்சாலை நான்கு பேரைக் கூட்டிவந்துவிட்டாள். அப்பா போன பிறகு பால்காரரிடம் பேசுவதோடு எனக்கு அன்றைய பேச்சு முடிந்துவிடும், அதற்கப்புறம் டிவிதான். வந்தவர்களுக்குப் பாய் விரித்தேன், டீ போட்டேன். அடுத்த நாள் பத்துப் பேர், அப்புறம் நம் கோயில் பெண்கள், பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசம்மா சாமி இங்கதான் இருக்குதான்னு கேட்டுக்கொண்டு வந்தார்கள். பஞ்சில் ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பாத்ரூம் தண்ணீரை! ஒருநாள் நம் கோயில் பங்குச் சாமியார் வந்தார், நிதானமான மனுஷர். திருச்சபை விசாரிக்காமல் எதையும் அற்புதம் என்று சொல்லக்கூடாது, மெழுகுவத்தி ஏற்றக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு என்னிடம் தனியாக, பின்னாடி பைப்பு ஏதாவது போவுதாம்மான்னு கேட்டார். இல்ல சாமின்னு நாக்கு கூசாமல் சொன்னேன். நர்சம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டார். இன்னும் கேள், அதற்குப் பிறகு முட்டிவலி கூடி, ஷவரை விட்டு உட்கார்ந்து வாளித் தண்ணீரில்தான் குளிக்கிறேன், சுவர் காய ஆரம்பித்த நாட்களில் வேண்டுமென்றே ஷவரைத் திறந்துவிட்டேன்.

வந்தவர்களில் அருணாதேவி என்று ஒரு பெண், கீழ்பென்னாத்தூரிலிருந்து ஜவுளிக்கடை வேலைக்கு வருகிறவள். நவநாள் மாதிரி ஒன்பது நாள் வருகிறேன் என்று ஆரம்பித்தவள், அதற்குப் பிறகும் சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் தினம் வந்தாள். என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள், கடைக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்கவைப்பாள். அவள் வருகிற நேரத்துக்குக் காலையிலிருந்தே காத்திருப்பேன். சின்ன வயதிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், டாக்டர் சீட்டைக்கூட என்னிடம் காட்டினாள், விடாமல் சாப்பிடுடி என்றேன். அவளோ மாதா குணமாக்கிவிட்டாள் என்று நம்பி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். பெண் பார்க்க வரப்போகிறார்கள், மாத்திரையை ஒளித்துவைத்தே அவளுக்கு அலுத்துவிட்டதாம். போன வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். தோள்பட்டை எலும்பு முறிவு, நெற்றியில் ஏழு தையல், உயிருக்கு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. நீங்க நர்சாச்சேம்மா, தெரிஞ்சே ஏன் சொல்லலன்னு மட்டும் கேட்டாள். சொன்னா நீ வரமாட்டியேன்னு பயந்துட்டேன்டி என்றேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நேற்று பிளம்பர் சகாதேவனைக் கூப்பிட்டுச் சுவரை உடைத்துக் குழாயை மாற்றிவிட்டேன். இத்தினி நாளு எப்டிம்மா வுட்டு வெச்சீங்கன்னு அவர் கேட்டார். பெயர்த்த காரையைப் பாஞ்சாலை முந்தானையில் கட்டிக்கொண்டு போகிறாள், குழாய்த் தண்ணீர்தாண்டி என்றால் காதில் வாங்கினால்தானே. இன்னும் யார் யார் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களோ, தெரியவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் நானே சொல்கிறேன் என்று சொல்லிவந்திருக்கிறேன். அம்மாவுக்கு விசுவாசம் போய்விட்டது என்று நினைக்காதே, மாதாவோடு நான் இன்றும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வினோதினிக்கு இருமல் நின்றதா? சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கொடு. ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு வண்டி ஓட்டாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவர் உங்களைக் காப்பாராக. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இந்த வாரம் சனிக்கிழமை கூப்பிட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நேரம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடு. சுவரைப் பார்க்க தினமும் எல்லோரும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். அன்றைக்கு யாரும் வரமாட்டார்கள்.

உன் அம்மா,
அமலோற்பவம்