எல்லோருக்கும் சேர்த்து நான் சொன்ன பதில்

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆபீசிலிருந்து கணக்கெடுக்க வந்த இரண்டு பெண்கள் நேற்று நம் டைல்ஸ் கடையைத் தலைகீழாக்கிவிட்டுப் போனார்கள். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த ஒரு வரியைக்கூட எழுத விடாமல் செய்துவிட்டாய். நீயாவது நன்றாக இரு.

எந்த வயசு, எந்த வேலை, ஆணா பெண்ணா, யாருக்கு எவ்வளவு மனச்சோர்வு என்று தெருத்தெருவாகக் கேட்கிறார்களாம், அதை நீ அங்கே அட்டவணை போடுகிறாயாம். வியாபார நேரத்தில் இதென்ன கூத்து, எங்கள் கடையில் அந்த வியாதியே கிடையாது, எல்லோருக்கும் சேர்த்து நானே சொல்கிறேன், எழுதிக்கொண்டு கிளம்புங்கள் என்றேன். இந்தக் கடைத்தெருவில் யார் வந்து எது கேட்டாலும் முதலாளிதான் பதில் சொல்வது, உனக்குத் தெரியாததா. வந்தவர்களில் மூத்தவள் அசையவில்லை, அவங்கவங்க வாயாலதான் சொல்லணும் சார் என்று நின்றாள். லோடு இறக்கும் பையன், நாம் பீரங்கி என்று கூப்பிடுவோமே அவன், சோகம் இருக்குன்னு சொன்னா லீவு உண்டா முதலாளி என்று கேட்டுச் சிரிக்க வைத்தான். பில் போடும் அம்மா, அழறதுக்கு நேரம் கிடைக்கட்டும், அப்புறம் சொல்றேன் என்றாள், அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பெண்கள்தான் அதிகமாகச் சொல்கிறார்கள், ஆண்கள் வாயைத் திறப்பதே குறைவு என்றாள் வந்தவள். நான் விடுவேனா, அப்படியானால் இவனை எழுதவே வேண்டாம் என்று உன் தம்பியைக் காட்டினேன். ஆம்பளைப் பிள்ளை, வேளைக்குச் சாப்பாடு, இவனுக்கு என்ன குறை என்றேன். புதுச் சரக்கை ஒவ்வொன்றாகத் தட்டி விரிசல் பார்த்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்த டைலைக் கீழே வைத்தான். என்னையும் எழுதிக்கோங்க, எதுவுமே பிடிக்கலை, காலையில எழுந்திரிக்கறதே மலையா இருக்கு, அக்காவுக்குத் தெரியும் என்றான்.

அக்காவுக்குத் தெரியும்! அங்கே மழையா, மூட்டுவலி எப்படி என்று போனில் என்னிடம் வளவளக்கத் தெரிந்த உனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாதே என்று அவன் சத்தியம் வாங்கினானாம். நல்ல அக்கா. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் அட்டவணையில் ஒரு கட்டம் நிரம்பியிருக்கும், நான் என்ன செய்திருப்பேன்? ஒரு டைல் விடாமல் தட்டிப் பார்த்து வாங்குகிறவன் நான், என்னிடமே விரிசலை மறைத்துச் சரக்கைத் தள்ளிய ஒரே ஆள் நீதான். அவளைத் திட்டாதீங்க என்று உன் அம்மா பக்கத்தில் நின்று அழுகிறாள், அதனால் இதோடு விடுகிறேன். ராத்திரியில் கண் விழித்து வேலை பார்க்காதே. உனக்கும் இப்படி ஏதாவது இருந்தால் ஆள் அனுப்பாதே, நீயே சொல்லித் தொலை. நூறு வருஷம் நன்றாக இரு, கோபத்தோடுதான் வாழ்த்துகிறேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் வரத் தம்பி சம்மதித்துவிட்டான். என் பிள்ளையாயிற்றே, சும்மா சம்மதிப்பானா, பேரம் பேசித்தான். நான் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும், உள்ளே வரக் கூடாது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கக் கூடாது, அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். யார் விசாரித்தாலும் அவனுக்காக நான் பதில் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா