பால் தீய்ந்த அன்று

பாப்பாவின் அம்மாவுக்கு,

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ உன் அம்மா வீட்டுக்குப் போனது நியாயம்தான்.

அந்தத் துணிக்கடைத் தீயைப் பற்றி எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோற்றிலும் சோப்பிலும் கருகல் வாடைதான். "மூக்குல கோளாறு இல்லைங்க. மூளைதான் அந்த பயத்தை விடமாட்டேங்குது. வாடை வந்தா கண்டுக்காதீங்க" என்றார் டாக்டர். கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகினேன்.

அதனால்தான் அடுப்படியில் பால் அடிப்பிடித்துத் தீய்ந்தபோது, தீயணைப்புக்காரன் நான், உள்ளறையில் பாப்பா இருமி அழும்வரை முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் இப்போது டெலிபோன் எடுக்க உட்காரவைத்திருக்கிறார்கள். டெலிபோனில் வாடை வராது பார்.

பாப்பாவின் சட்டை ஒன்றை விட்டுப் போயிருக்கிறாய். துவைக்காமல் வைத்திருக்கிறேன். தினமும் முகர்ந்து பார்க்கிறேன். அதிலும் கருகல்தான்.

அவளை அங்கேயே வைத்துக்கொள்.

பாப்பாவின் அப்பா