குடத்து வாய் மட்டம்

என் செண்பகத்துக்கு,

எழுத்து தெரியாதவன் கடிதம் போடுகிறானே என்று சிரிக்காதே. நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு டீச்சர் சரோஜா எழுதுகிறாள்.

உன் தங்கை கொடைக்கானலில் ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்த பூச்செடிக் குச்சியை, ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். மலைச்செடி இங்கே பிழைக்குமா என்றேன். நம் மலையடிவாரக் காற்று அதற்குப் போதுமாக இருந்தது. ஊதாக் கதிர் கதிராகப் பூத்தது. பட்டாம்பூச்சி மொய்த்ததில் இலை தெரியவில்லை.

ஆனால் தை பிறந்தால் அரிவாளோடு நிற்பாய். தூருக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்து, அதன் வாய் மட்டத்துக்கு அத்தனை கிளையையும் வெட்டுவாய்.

"ஏட்டி, வளந்து நிக்குற செடிய மொட்டையடிக்கியே, ஈவு இரக்கம் இருக்கா?"

"இந்தாரும், உம்ம தலையிலதான் முளைக்காது. இதுல முளைக்கும். போயி காப்பியக் குடியும்."

வருசா வருசம் இதே சண்டை. வருசா வருசம் நீதான் ஜெயித்தாய்.

நீ போனது மார்கழியில். அந்தத் தையில் நான் வெட்டவில்லை. உன் கை பட்ட கிளையில் எப்படி அரிவாள் வைப்பது? மறு தையிலும் விட்டுவிட்டேன். செடி ஓட்டுக்கு மேலே போய், கீழெல்லாம் வெறும் கட்டையாக நின்றது. போன வருசம் ஒரு கதிர்கூட இல்லை. பட்டாம்பூச்சிகள் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின.

சரோஜாதான் சொன்னாள்: "பெரியப்பா, பட்டுப்போச்சு. தூரோட பிடுங்கிருவோம்."

நீ வளர்த்ததில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான். பாசம் என்று நினைத்து நானே கொன்றுவிட்டேனா?

இந்தத் தை பிறந்ததும், போன வெள்ளிக்கிழமை பரணில் இருந்து உன் குடத்தை இறக்கினேன். தூசி தட்டி, தண்ணீர் நிரப்பி, நீ வைக்கும் இடத்திலேயே வைத்தேன். வாய் மட்டத்துக்கு வெட்டினேன். வேண்டாம் என்று சண்டை பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. சீக்கிரமே முடிந்துவிட்டது.

கட்டைகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நாலு காய்ந்து கிடந்தன. ஐந்தாவதில், தோலுக்கு அடியில், பச்சை.

இனி கையில் வலு இருக்கும்வரை எந்தத் தையையும் தவறவிட மாட்டேன். முதல் கதிரைப் பறிக்கவும் மாட்டேன், பூச்சிகளுக்கே விட்டுவிடுவேன். குடத்தை இன்னும் எடுக்கவில்லை. செத்த நேரம் வந்து, மட்டம் சரிதானா என்று பார்த்துச் சொல்ல மாட்டாயா?

இப்படிக்கு,
ஒருநாளும் பேர் சொல்லாமல் 'இந்தாரும்' என்றே நீ கூப்பிட்ட
உன் வீட்டுக்காரன்