அண்ணி படிக்காத புத்தகங்களின் விலை

ராகலை

என் பிரியமான அண்ணி,

நீங்கள் போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. இந்த ஆத்திரத்தை வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன். உங்கள் நாவல்களை அண்ணன் விற்றுவிட்டார்.

ஆமாம், அதே மாத நாவல்கள்தான். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிறன்று டவுனுக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் வாங்கி வருவீர்களே, அவை. தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரலால் புரட்டியதில் ஓரமெல்லாம் கறை. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பத்துப் பேர் கைமாறி, முதுகு பிய்ந்துதான் உங்களிடம் திரும்பி வரும். படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைப்பீர்கள். “இவ இவ்வளவு அழுதிருக்க வேணாம்.” “மாமியாரை மன்னிச்சது தப்பு.”

தோட்டத்து வாசிகசாலைக்கு ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனோமே, நினைவிருக்கிறதா? அங்கே தலைவராக இருந்த மாஸ்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இந்தக் குப்பையெல்லாம் இங்க வேணாம் தங்கச்சி. பிள்ளைங்க கெட்டுப் போகும்” என்றார். நான் அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவை குப்பை என்றுதான் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. மழையில் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம்.

போன மாசம் அதே மாஸ்டர், கொழும்பிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். பழைய புத்தகம் வாங்கி விற்கிறவராம். நான் நுவரெலியாவில் வேலையில் இருந்தேன். சனிக்கிழமை வந்து பார்த்தால், பெட்டி திறந்து கிடக்கிறது. பாதிப் புத்தகம் தரையில்.

“பூஞ்சணம் பிடிச்சு வீணாப் போகுதேன்னு குடுத்தேன் கலா. நல்லா இருக்கறத மட்டும் எடுத்துக்கிட்டாரு” என்றார் அண்ணன்.

எது நல்லது தெரியுமா அண்ணி? கடைசியாக நீங்கள் படுத்திருந்த எட்டு மாசமும், அண்ணன் தவறாமல் வாங்கி வந்து தலைமாட்டில் வைத்தாரே, அவை. உங்களால் கையில் பிடிக்கக்கூட முடியவில்லை. பிரிக்காமலே கிடந்தன. மடிப்பில்லை, கறையில்லை, எழுத்தில்லை. அதனால் அவை நல்லவை.

அந்த ஆளுக்கு போன் எடுத்தேன்.

“ஆயிரக்கணக்கில அச்சடிச்ச புத்தகத்துக்கு எப்படிங்க விலை வரும்?”

“எல்லாத்துக்கும் வராதுங்க. பெரும்பாலும் பழைய பேப்பர் விலைதான். சனங்க படிச்சிட்டுத் தூக்கிப் போட்டாங்க இல்லையா, அதனால புதுசு மாதிரி மிஞ்சினது கொஞ்சம். அதுக்குத்தான் ஆள் இருக்கு. அட்டைப் படத்துக்காக வாங்குவாங்க. உள்ள யாரும் படிக்க மாட்டாங்க.”

“எங்க அண்ணி படிச்சது?”

“அதுல கிறுக்கியிருக்காங்களேம்மா.”

நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து, ஒரு கதையை முழுதாகப் படித்து, அது சரி, இது தப்பு என்று ஒருத்தி சொன்னது கிறுக்கலாம். ஒருத்தரும் தொடாதது பொக்கிஷமாம். இது என்ன நியாயம் அண்ணி? படிக்காத புத்தகத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது?

நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். “அன்னைக்குக் குப்பைன்னீங்களே சேர்?”

“காலம் மாறிருச்சுதானே” என்று சிரித்தார்.

“காலம் மாறல சேர். பணம் குடுக்க ஒரு ஆள் வந்தப்புறந்தான் உங்களுக்கு அது புத்தகமாத் தெரியுது.”

அவர் வீட்டம்மா போட்டு வந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். மரியாதைக் குறைச்சல்தான். இருக்கட்டும். ஆனால் படியிறங்கும்போதே உறைத்தது. அன்றைக்கு உங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நானும்தானே? இந்தக் கோபத்தில் பாதியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

வீட்டுக்கு வந்து அண்ணன் மேல் பாய்ந்தேன். “அண்ணி படிக்காமப் போனதையாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா?”

அவர் பெட்டிப் பக்கத்தில் குந்தினார். பிறகு, “அதத்தான் என்னால பாக்க முடியல கலா. இத்தனை வருஷமும்” என்றார். கீழே கிடந்தவற்றை இருவருமாக எடுத்துத் துடைத்து அடுக்கினோம்.

முந்தாநாள் அந்தக் கொழும்புக்காரர் மறுபடி போன் எடுத்தார். தோட்டத்துப் பெண் கைப்பட எழுதிய பிரதி என்றால் அதற்கும் இப்போது கேட்கிறார்களாம். நான் என்ன விலை சொல்கிறேன் என்று கேட்டார். எங்கள் அண்ணி குடித்தனம் நடத்திய லயத்துக் காம்பரா அறையையும் பெயர்த்துக்கொண்டு போவீர்களா என்று அவரிடம் கேட்டு, போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயந்தரமே ஒன்றை எடுத்து முதல்முறையாக ஒரே மூச்சில் படித்தேன். நிறைய அசட்டுத்தனம் இருக்கிறது அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கீழே வைக்க முடியவில்லை. கடைசிப் பக்கத்தில் நீங்கள், “அவனை ஏன் திரும்பக் கூப்பிட்டா? தனியா இருந்துக்குவா” என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு அடியில் நான் பேனாவால், “இருந்துக்குவா அண்ணி” என்று எழுதினேன்.

மிச்சத்தையும் ஒவ்வொன்றாகப் படிப்பேன். உங்கள் வரிக்குக் கீழே என் வரியை எழுதுவேன், நீங்கள் சொன்னது தப்பென்றால் தப்பென்றே எழுதுவேன். கேட்கிற பெண்களுக்குக் கொடுப்பேன். கிழியட்டும். ஒன்றைக்கூட விற்க மாட்டேன்.

இன்னும் ஆத்திரம் அடங்காத,
உங்கள் நாத்தனார்
கலா