கல்லுக்கு மேலே காடு

அய்யனார் கோவில் குடியிருப்பு,
இராஜபாளையம்.
3.8.2024

அன்புத் தம்பி ஆண்டிச்சாமிக்கு,

அக்கா எழுதுறேன். இங்கே டவர் எடுக்காது, அதான் கடுதாசி. பிள்ளைகள் சுகமா?

அம்மாவுக்குக் கஞ்சியும் இறங்கலை. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குது. செத்தா மேலே காட்டுல, அப்பா பக்கத்துல புதைக்கணுமாம். வெள்ளைக்காரன் எல்லைக்கல் நட்டு, இதுக்கு மேலே காடு சர்க்காருதுன்னு நம்ம பாட்டன்மாரைக் கீழே இறக்கின கதையைச் சொல்லிட்டு, "அவன் போயி எம்புட்டுக் காலமாச்சு, இன்னுமா கல்லைப் பிடுங்கலை?"ன்னு கேக்குது. நீ காட்டுக் காவலில் இருக்கே. பெரியவங்ககிட்டச் சொல்லி அனுமதி வாங்கு.

உன் அக்கா,
மாரிக்கனி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.8.2024

அன்பு அக்காவுக்கு,

ரேஞ்சர் ஐயாகிட்டக் கேட்டேன். உட்காரச் சொல்லித் தன்மையாத்தான் பேசினார். வெள்ளைக்காரன் காலத்துலேயே ஒதுக்கின காடு, இப்ப புலிகள் காப்பகம், யாருக்கும் குழி தோண்ட அனுமதி இல்லையாம். அப்பாவைப் புதைச்சப்போ கண்டுக்கிடலை. இப்ப அப்படி விட மாட்டாங்க.

இராஜபாளையம் இடுகாட்டில் சொல்லி வைக்கிறேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகலை, அக்கா. மேலே காட்டுக்குப் போற வழி செக்போஸ்ட்டில் இந்த மாசம் எனக்குத்தான் டூட்டி. என்னைச் சங்கடத்துல விட்டிராதே. ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பார்க்க வாரேன்.

உன் தம்பி,
ஆண்டிச்சாமி

அய்யனார் கோவில் குடியிருப்பு,
27.8.2024

தம்பிக்கு,

ஞாயித்துக்கிழமை வாரேன்னே, லீவு கிடைக்கலைன்னு சொல்லி விட்டே. புதன்கிழமை அம்மாவே உன்கிட்ட வந்துச்சு, பாடையில.

நீ செக்போஸ்ட் கம்பைத் தூக்கலை. உன் மச்சான் உன் கையைப் பிடிச்சுக் கேட்டாக. "தூக்கினா என்னையும் வெளியே தள்ளிருவாங்க மச்சான்"னு சொன்னே. அம்மா காலைப் பிடிச்சு அழுதே. அதையும் பார்த்தேன். கம்பு மட்டும் அப்படியே கிடந்துச்சு.

திரும்பிட்டோம். இராஜபாளையத்தில் நீ சொல்லி வச்ச இடத்துக்கும் போகலை.

அம்மாவை எங்கே வச்சீங்கன்னு கேட்டு ஆள் விட்டுக்கிட்டே இருக்கே. சொல்ல மாட்டேன். கோபம் இல்லைன்னு சொல்லலை, ஆனா அதுக்காக இல்லை. உனக்குத் தெரிஞ்சா ஆபீஸில் சொல்லணும், அவங்க தோண்டி எடுப்பாங்க. சொல்லாம மறைச்சா உன் வேலை போயிரும். நீ தெரியாமலே இருந்துக்கோ.

கருமாதிக்கும் வராதே. நீ கேட்டா என் முகமே காட்டிக் கொடுத்துரும். பொறவும் இங்கிட்டு வர வேண்டாம்.

ரோந்து போகையில எங்கேயாச்சும் புது மண்ணைக் கண்டா நின்னுராதே, தம்பி. கும்பிடணும்னு தோணினா நடந்துக்கிட்டே மனசுக்குள்ள கும்பிட்டுக்கோ.

மாரிக்கனி